நடுநிலையான பாலம்

ஒரு நகரத்தைப் பற்றிய உண்மை வேண்டுமென்றால் அந்த நகரத்துக்கு மட்டும் போய்விடக் கூடாது. இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றின் மூத்த சரிபார்ப்பாளர் பல்லே அவர்களின் அசைக்க முடியாத கொள்கை இது. எங்கள் ஹோல்ம்ஸ்விக் நகரத்தைப் பற்றிய கட்டுரை அவர் பொறுப்பில் இருந்தது. ஓய்வுபெற்ற வரி அதிகாரி, தலைநகர் கோபன்ஹேகன்வாசி. எங்கள் ஊர்ப்பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அந்த ஒரு தகுதிக்காகவே பொறுப்பை அவரிடம் கொடுத்திருந்தார்கள்.

"துறைமுகம் அழகானது" என்று எங்கள் ஊர்க்காரர் யாரோ அதில் எழுதினார். பத்து நிமிடத்தில் அது "சிலரால் அழகானதாகக் கருதப்படும் துறைமுகம்" ஆயிற்று. "இங்கே மழை அதிகம்" என்பது "மழை பெய்வதாக உள்ளூர்வாசிகள் தெரிவிக்கின்றனர்" ஆயிற்று. நாங்கள் நனைந்துகொண்டே அதை வாசித்துச் சிரித்தோம். அந்தச் சிரிப்பெல்லாம் மார்ச் மாதம் வரைக்கும்தான்.

மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை போடில் என் அலுவலகத்துக்குள் திபுதிபுவென்று நுழைந்தாள். ஊர் வாரப் பத்திரிகைக்கு ஆசிரியர், செய்தியாளர், பிழை திருத்துகிறவர் எல்லாமே நான்தான். போடில் என்னோடு பள்ளியில் படித்தவள். எங்கள் ஊருக்கு நடுவே கடல் நுழைந்து ஊரையே இரண்டாக்கி வைத்திருக்கிறது. இக்கரைக்கும் அக்கரைக்கும் கார் ஏற்றும் படகை இருபத்தாறு வருடமாக ஓட்டுகிறவள் அவள்.

"இந்தா, படி," என்று ஒரு கடிதத்தை மேஜைமேல் வீசினாள். மாவட்டச் சாலைத்துறையின் கடிதம்.

"மேற்படி நகரில் பாலம் ஒன்று சிறப்புறச் செயல்பட்டு வருவது கலைக்களஞ்சியத்தின் வாயிலாக இத்துறையின் மேலான கவனத்துக்கு வந்துள்ளபடியால், படகுச் சேவை தேவையற்றதெனக் கருதப்பட்டு ஏப்ரல் பதினைந்தாம் தேதி முதல் நிறுத்தப்படுகிறது."

"பாலமா? எங்க இருக்கு பாலம்?" என்றேன்.

"அதத்தான் நானும் கேக்குறேன். ஒரு நாளைக்கு நாப்பது தடவை குறுக்க போறேன். என் கண்ணுல படாம எவன் கட்டுனான்?"

கட்டுரையைத் திறந்து பார்த்தேன். "நகரின் இரு பகுதிகளையும் ஆறு ஆண்டுகளுக்கு முன் திறக்கப்பட்ட பாலம் இணைக்கிறது" என்று இருந்தது. அடிக்குறிப்பில் ஆதாரம். ஆதாரம் என் பத்திரிகை. தேதி, ஏப்ரல் ஒன்று.

ஏப்ரல் முதல் தேதி ஒரு பொய்ச் செய்தி போடுவது எங்கள் நாட்டுப் பத்திரிகைகளின் வழக்கம். அந்த வருடம் நான் ஒரு பாலத்தைத் திறந்து வைத்திருந்தேன். மேயர் ரிப்பன் வெட்டியதாகவும், கத்தரிக்கோல் கடலில் விழுந்துவிட்டதாகவும் எழுதியிருந்தேன். அன்றைக்கு அதைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தவர்களில் போடிலும் ஒருத்தி.

"அடப்பாவி, நீதானா! என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டியே! ஐம்பத்தஞ்சு வயசுல வேற எவன்டா எனக்கு வேலை குடுப்பான்? அக்கரையில நூத்துப் பத்து வீடு இருக்கு. அவங்க எல்லாம் நீந்தி வருவாங்களா?"

உடனே அந்த வரியை அழித்தேன். நான்கு நிமிடத்தில் அது திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. பல்லேவைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"ஐயா, அந்தச் செய்தி பொய். எழுதுனதே நான்தான்."

"அப்படியா, சந்தோஷம். ஆனா நீங்க அந்த ஊர்க்காரர். உங்களுக்குச் சார்பு இருக்குமே."

"பாலம் இல்லைன்னு சொல்றதுல என்னங்க சார்பு?"

"பாலம் இல்லாததால பாதிக்கப்பட்டவர் நீங்க. பாதிக்கப்பட்டவர் பேச்சை எப்படி எடுத்துக்கறது?"

போடில் நடுக்கடலில் நின்று நான்கு திசையிலும் படம் எடுத்து அனுப்பினாள். பதில் மரியாதையாகவே வந்தது. "தாங்கள் அனுப்பிய படங்களால் தண்ணீர் இருப்பது ஐயமற நிரூபணமாகிறது. பாலம் இல்லாதது நிரூபணமாகவில்லை."

பதினைந்தாம் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. போடில் விடாமல் தினம் இரண்டு முறை போன் போட்டுத் திட்டவும், பல்லே தாங்க முடியாமல் நேரிலேயே புறப்பட்டு வந்துவிட்டார். குள்ளமான, சாதுவான மனிதர். கையில் ஒரு கனத்த கோப்பு. படகில் ஏறியதும் கோப்பைத் திறந்து அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நானும் கூடப் போயிருந்தேன்.

"சார், தலையத் தூக்கிச் சுத்திப் பாருங்க," என்றாள் போடில்.

"பார்க்க மாட்டேம்மா. பார்த்தா அது சொந்த ஆராய்ச்சி ஆயிடும். எங்க விதியில தப்பு."

"அப்ப எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"உங்க நூலகத்துல அச்சான ஆதாரம் இருக்கான்னு தேடத்தான். நூலகம் அக்கரையிலதானே?"

"அக்கரையிலதான். பாலத்துல ஜம்முனு நடந்து போயிருக்கலாமே? என் படகுல ஏன் ஏறுனீங்க?"

பல்லே கோப்பிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னார்: "எனக்குப் பாலம்னாலே தலை சுத்தும்மா."

போடில் என்னைப் பார்த்தாள். நான் தண்ணீரைப் பார்த்தேன். அவரைக் கடலில் தள்ளாமல் அவள் ஒரு இலவங்கப்பட்டை பன்னைக் கொடுத்தாள். எங்கள் ஊர்ப் பெண்களின் பொறுமைக்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

பன்னைத் தின்ற நன்றிக்கு அவர் அன்றே கட்டுரையை நடுநிலையாக்கினார். "பாலம் உள்ளது. படகு ஓட்டுநர்கள் சிலர் இதை ஏற்பதில்லை."

"சிலரா? நான் ஒருத்திதானேடா ஓட்டுறேன்!" என்று போடில் கத்தினாள். அதற்குள் அவர் ரயில் ஏறியிருந்தார்.

நூலகத்தில் அவருக்கு ஆதாரம் எதுவும் சிக்கவில்லை. ஆனாலும் போகும்போது ஒரு வழி சொல்லிவிட்டுத்தான் போனார். "உங்க பத்திரிகையிலேயே மறுப்புப் போடுங்க. அச்சுல வந்துட்டா ஏத்துக்கறேன்." எழுதினேன். முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில், "பாலம் இல்லை" என்று. என் பத்திரிகை வியாழக்கிழமைதோறும் வரும். அந்த வியாழக்கிழமை என்ன தேதி என்று பார்க்கிற புத்தி எனக்கு இல்லை.

காலையிலேயே பல்லே கூப்பிட்டார். விழுந்து விழுந்து சிரித்தார். "பிரமாதம்! ஆனா ஏப்ரல் முதல் தேதி செய்தியை நாங்க ஆதாரமா எடுத்துக்கறதில்லை. போன வருஷம்தான் அந்த விதி வந்துச்சு."

"அப்ப அந்தப் பழைய செய்தி? அதுவும் ஏப்ரல் ஒண்ணுதானே!"

"அது விதி வர்றதுக்கு முன்னாடி வந்ததாச்சே."

"சரி, அடுத்த வாரம் மறுபடி போடுறேன்."

"ஐயோ, வேண்டாங்க. ஒரே பத்திரிகை உண்டுன்னும் இல்லைன்னும் எழுதினா அதோட நம்பகத்தன்மையே போயிடும். அப்புறம் உங்க ஊர்ல மழை பெய்யறதுக்குக்கூட ஆதாரம் இருக்காது."

போடிலுக்கு இதைச் சொன்னபோது அவள் கத்தவில்லை. நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து அழுதுவிட்டாள். ஒரு வேடிக்கைக்கு எழுதிய நான்கு வரி, ஒரு பெண்ணின் இருபத்தாறு வருடத்தை அழித்துக்கொண்டிருந்தது. பிறகு அவள் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்த ஆளு நீ எழுதுற உண்மையத்தானே நம்ப மாட்டேங்குறாரு? பொய்ய நம்புவாருல்ல?"

எட்டாம் தேதி இதழில் எழுதினேன்: "ஹோல்ம்ஸ்விக் பாலத்தின் மூன்றாவது தூணில் விரிசல். மறு அறிவிப்பு வரும்வரை பாலம் மூடப்படுகிறது." ஏழே நிமிடத்தில் அடிக்குறிப்போடு கலைக்களஞ்சியத்தில் ஏறிவிட்டது. பன்னிரண்டாம் தேதி சாலைத்துறையின் கடிதம் வந்தது. "பாலத்தின் நிலையைக் கருத்திற்கொண்டு படகுச் சேவை தொடர்ந்து நீட்டிக்கப்படுகிறது." போடில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். படகில் கொடி ஏற்றினாள். கதை இங்கேயே முடிந்திருந்தால் நாங்கள் புத்திசாலிகள்.

சாலைத்துறை அத்தோடு விட்டதா? படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பலகையை நட்டது. "பாலம் மூடப்பட்டுள்ளது. சிரமத்துக்கு வருந்துகிறோம்." அதைப் பார்த்த பிறகுதான் எங்கள் ஆட்களுக்குச் சிரமமே தெரிய ஆரம்பித்தது. படகுக்கு வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுத்தார்கள். "ஒரு விரிசலுக்கு எத்தனை மாசம்டா பழுது பார்ப்பீங்க?" "கோபன்ஹேகன்ல இருந்தா இந்நேரம் திறந்திருப்பானுங்க." என் பத்திரிகைக்கு வாசகர் கடிதங்கள் குவிந்தன. நானும் சும்மா இருப்பேனா? "பாலம் எப்போது திறக்கும்?" என்று காரசாரமாகத் தலையங்கம் எழுதினேன். பத்து வருடத்தில் அவ்வளவு பாராட்டு எனக்கு வந்ததில்லை. ஒரு மனு தயாராகி ஊர் முழுக்கச் சுற்றியது. மூன்று வாரத்தில் ஆயிரத்து நானூறு கையெழுத்து.

அக்டோபர் கடைசியில் போடில் மறுபடி திபுதிபுவென்று நுழைந்தாள். கையில் சாலைத்துறைக் கடிதம்.

"பொதுமக்களின் ஏகோபித்த கோரிக்கையை ஏற்று, பாலம் நவம்பர் முதல் தேதி மீண்டும் திறந்துவிடப்படும். அன்றுடன் படகுச் சேவை நிறுத்தப்படும்."

"எந்த முட்டாள்டா இந்த மனுவுல கையெழுத்துப் போட்டது?" என்று கேட்டாள்.

மனுவின் நகலையும் கடிதத்தோடு இணைத்திருந்தார்கள். முதல் கையெழுத்து என்னுடையது. அவளும் குனிந்து பார்த்தாள். விரல் ஒவ்வொரு பெயராக இறங்கி நான்காவது பெயரில் நின்றது. அது அவள் பெயர்.

"நீயுமா போடில்?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"படகுல எல்லாரும் போட்டாங்க. நானும் போட்டேன். பாலம் திறந்துட்டா, ஞாயித்துக்கிழமையாவது எனக்கு லீவு கிடைக்குமேன்னு நினைச்சேன்."