இரண்டு புள்ளி நான்கு ஆசிரியர்கள்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். அங்கு நீங்களும் அத்தையும் உங்கள் வலது முழங்காலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். "வேலை நிரந்தரமாச்சா இல்லையா, ஒரே வரியில் எழுது" என்று கேட்டிருந்தீர்கள். ஆயிற்று. ஒரு வரி முடிந்தது. ஆனால் எப்படி ஆயிற்று என்று சொல்லாவிட்டால், உங்கள் சிபாரிசால்தான் ஆயிற்று என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அதனால் மீதியையும் எழுதுகிறேன்.

போன மாதம் ஆறாம் வகுப்பில் தசம எண்ணை முழு எண்ணாக்கும் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். விஷயம் சின்னது. புள்ளிக்கு அடுத்த இலக்கத்தைப் பார். நான்கோ அதற்குக் கீழோ என்றால் விட்டுவிடு, ஐந்தோ அதற்கு மேலோ என்றால் முன்னால் இருக்கும் எண்ணோடு ஒன்றைக் கூட்டு. 7.3 என்றால் ஏழு, 7.8 என்றால் எட்டு. பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் ஒன்றுதான். 6.47 கொடுத்தால் கடைசி ஏழைப் பார்த்து அதை 6.5 ஆக்கிவிட்டு, பிறகு அந்த ஐந்தைப் பார்த்து ஏழு என்று எழுதிவிடுவார்கள். "ஒரே தாவல்தான்டா தாவணும், ரெண்டு தாவல் கிடையாது" என்று தொண்டை வறளக் கத்தினேன். முதல் பெஞ்சில் ஒரு பெண் இருக்கிறாள். எதற்கெடுத்தாலும் கை தூக்குவாள். வகுப்பே அவளைச் 'சந்தேகம்' என்றுதான் கூப்பிடும். "ஏன் சார் ரெண்டு தாவல் கூடாது?" என்றாள். "6.47 ஆறரையையே எட்டலைம்மா. எட்டாததை எட்டிட்டதா நீயே எழுதிக்கிட்டு, அதை வெச்சு இன்னும் மேல ஏத்தினா அது கணக்கு இல்ல, புளுகு" என்றேன். எழுதிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை வாசலில் வந்து நின்றார். கரும்பலகையை முழுசாகப் படித்தார். "போர்டுல இருக்கற ரூல் சரிதானே சார்?" என்றார். "சரிதான் மேடம்" என்றேன். பிள்ளைகள் பக்கம் திரும்பி, "அப்ப 2.4 எவ்வளவு?" என்று கேட்டார். மொத்த வகுப்பும் ஒரே குரலில் "ரெண்டு மேடம்!" என்று கூரை அதிரக் கத்தியது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "ஒண்ணுமில்ல சார். வாரத்துக்குக் கணக்குப் பாடவேளை தொண்ணூத்தாறு. ஆளுக்கு நாற்பது. வகுத்தா ரெண்டு புள்ளி நாலு டீச்சர் வருது. கடைசியா சேர்ந்தது நீங்க. அந்தப் புள்ளி நாலு நீங்கதான்" என்று சொல்லிவிட்டு, நல்லா நடத்துறீங்க என்பது போலத் தலையாட்டிவிட்டுப் போனார். வாரத்தில் மொத்தம் இருப்பதே நாற்பது பாடவேளைதான் மாமா. ஆசிரியர் தண்ணீர் குடிக்கும் நேரத்தை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. மீதிப் பதினாறு வேளைக்கு இரண்டு வகுப்புகளை ஒன்றாகக் கூடத்தில் உட்கார வைத்துவிடுவார்களாம். வரவேற்பறை மீன்தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு முழு ஆள் இருக்கிறார். அவரை யாரும் வகுத்துப் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து எனக்குப் 'புள்ளி நாலு சார்' என்று பெயர். அதை வைத்தவன், கடைசி பெஞ்சில் எல்லோரும் 'தலைவர்' என்று கூப்பிடும் பையன். ஆனால் 'ரெண்டு' என்று கத்தி என்னை வேலையை விட்டுத் தூக்கியதே தாங்கள்தான் என்று அந்தப் பிள்ளைகளுக்கு ஒரே உறுத்தல் போல. அடுத்த வாரம் தேர்வு வைத்தேன். விடைத்தாளைத் திருத்த உட்கார்ந்தால் எனக்குத் தலை சுற்றியது. 7.8-க்கு ஏழாம், 3.2-க்கு நாலாம், 9.1-க்குப் பத்தாம். ஒருத்தன் இல்லை, அத்தனை பேரும். இவ்வளவு சுத்தமாகத் தப்புச் செய்ய வேண்டுமென்றால் பாடம் முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும். தலைவரைக் கூப்பிட்டு, "என்னடா இது?" என்றேன். "எல்லாரும் ஃபெயிலானா ஸ்பெஷல் கிளாஸ் வைப்பாங்கல்ல சார், கிளாஸ் கூடினா புள்ளியும் கூடும்ல" என்றான். சந்தேகம் மட்டும் எல்லாம் சரியாக எழுதியிருந்தாள். "தப்பா எழுதத்தான் சார் பார்த்தேன், கை வரல" என்று கண் கலங்கினாள். "துரோகி சார் இவ" என்றான் தலைவர்.

தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு அரைமணி நேரம் திட்டினாங்க மாமா. "பேரண்ட்ஸ் கேட்டா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பதில் சொல்றது? இதுகூட நடத்தத் தெரியாதா?" திட்டி முடிச்சுட்டு, நூலக நேரத்தைப் பிடுங்கி வாரத்துக்கு ரெண்டு சிறப்பு வகுப்பு போட்டாங்க. தொண்ணூத்தெட்டு ஆச்சு. ஆபீஸ் கிளார்க் கம்ப்யூட்டர்ல தட்டிப் பார்த்துட்டு, "2.5 காட்டுது மேடம். அஞ்சுன்னா ஏத்தணுமே. மூணு பேர்" அப்படின்னார். புள்ளிக்கு அப்புறம் ஒரே ஒரு இலக்கம் காட்டுற மாதிரி அவர் வெச்சிருக்கார், அவ்வளவுதான். நிஜமா வர்றது 2.45. அதாவது ரெண்டு. எந்த ரெண்டு தாவலுக்காக நான் தொண்டை கிழியக் கத்தினேனோ, அதே ரெண்டு தாவல்ல நான் முழு ஆளாயிட்டேன். சொல்லலாமான்னு வாய் நுனி வரைக்கும் வந்துச்சு. "வாயை மூடிக்கிட்டு இருந்தாலே பாதி வேலை நிரந்தரம்"னு நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. மூடிக்கிட்டேன். கூடத்துல எண்பது பிள்ளைகளை அடைக்கிறதைவிட இந்தப் புளுகு ஒண்ணும் பெரிசு இல்ல.

ஆகவே மாமா, உங்கள் மருமகன் இப்போது முழு எண். திங்கட்கிழமை உத்தரவு கையில் கிடைத்துவிடும். அத்தையிடமும் சொல்லுங்கள், இனி என்னைச் சொல்லி உங்களைக் குத்திக்காட்ட மாட்டார். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடுக்கவும். பெரியவர்கள் எல்லோருக்கும் என் வணக்கம், சின்னவர்களுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது. தலைமையாசிரியை உத்தரவோடு வகுப்புக்கே வந்து, "தொண்ணூத்தெட்டை நாற்பதால வகுத்தா 2.5, அதனால மூணு. உங்க சார் எங்கயும் போகலை" என்று சொன்னார். வகுப்பே கை தட்டியது. முதல் பெஞ்சில் ஒரு கை மட்டும் தூக்கியபடியே நின்றது. "மேடம், வகுத்தா 2.45 தானே? ஒரே தாவல்தான் தாவணும்னு சார் சொல்லியிருக்கார்." தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். "சரியா சார்?" முப்பத்தெட்டுப் பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். "சரிதான் மேடம்" என்றேன். வேறு என்ன சொல்ல மாமா, சரிதானே. உத்தரவை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. வேறு எங்காவது சொல்லி வையுங்கள். மணி அடித்த பிறகு சந்தேகம் என் மேசைக்கு வந்து, "நான் சரியாத்தானே சார் சொன்னேன்? அப்புறம் ஏன் யாரும் என்கூடப் பேச மாட்டேங்கறாங்க?" என்று கேட்டாள். இந்த வருஷம் அவள் கேட்டதில் நான் பதில் சொல்லாதது இது ஒன்றுதான்.