வானிலைத் தவளையின் சொந்த அபிப்பிராயம்

ஒரு காட்டில் தவளை ஒன்று அரசாங்க வேலையில் இருந்தது. பெயர் மாசிலாமணி. வருஷத்தில் ஒரே நாள்தான் வேலை. சித்திரையில் காட்டுச் சபை கூடும்போது, மழை என்றைக்கு வரும் என்று தேதி சொல்ல வேண்டும். சொன்ன மறுவாரமே விலங்குகள் குளத்தின் கரையை வெட்டிப் பழைய தண்ணீரை வெளியேற்றிவிடும். புதுத் தண்ணீருக்கு இடம் வேண்டுமாம். இந்தப் புத்திசாலித்தனம் பல தலைமுறையாக நடந்து வந்தது.

அந்த வருஷம் சபைக்கு முதல் நாள், கடல் தாண்டி வந்த ஆலாப் பறவை ஒன்று தவளையைத் தேடி வந்தது.

"பசிபிக் கடல்ல வழக்கமா காத்து வெந்நீரை நம்ம பக்கம் தள்ளிக்கிட்டு வரும். இந்த வருஷம் காத்துக்குச் சோம்பல். வெந்நீர் அந்தப் பக்கமே நின்னுடுச்சு, மேகமும் அதோடயே தங்கிடுச்சு. கோடை நீளும். ஆடி கடைசிக்கு முன்னாடி மழையை எதிர்பார்க்காதீங்க" என்றது.

தவளை குளத்தை எட்டிப் பார்த்தது. அதன் குஞ்சுகள் முந்நூறும் அந்தக் குளத்தில்தான் நீந்திக்கொண்டிருந்தன.

உடனே தேதி கணிக்க அரசாங்கம் கொடுத்திருந்த மழைப் படிவத்தை எடுத்துப் பார்த்தது. எறும்பு முட்டை தூக்குகிறதா என்று கேட்க ஒரு கட்டம் இருந்தது. தட்டான் தாழப் பறக்கிறதா என்பதற்கும் ஒன்று இருந்தது. கடலுக்குக் கட்டமே இல்லை. தவிர, இதற்கு முன்பு இந்த வேலையில் இருந்த அதிகாரி மழை தாமதம் என்று உண்மையைச் சொன்னதற்குச் சிங்கராஜா அவரைப் பாம்புப் பிரிவுக்கு மாற்றினார். அதன்பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் சபையில் மாசிலாமணி தொண்டையைச் செருமிக்கொண்டு, "வைகாசி இருபது. இயல்பான மழை" என்றது. பலத்த கைதட்டல். சபை கலைந்ததும் தவளையும் அதன் மனைவியும் குஞ்சுகளை வாயில் கவ்விக் கவ்வி, தண்ணீர் தேங்கிய மருதமரப் பொந்துக்கு மாற்றின. தாடை வலித்ததே தவிர மனசு வலிக்கவில்லை.

குளத்தை வெட்டிவிட்டார்கள். வைகாசி இருபது வந்தது, மழை வரவில்லை. ஆனியில் குளத்து மண் பாளம் பாளமாக வெடித்தது. செண்பகம் என்ற தாய் மானின் குட்டி நிற்க முடியாமல் படுத்துவிட்டது. ஈர வாசனையைப் பிடித்துக்கொண்டே வந்த செண்பகம் பொந்தைக் கண்டுபிடித்தது. உள்ளே முந்நூறு குஞ்சுகளும் கொழுகொழுவென்று இருந்தன.

"அப்போ உமக்கு முன்னாடியே தெரியும்."

"அலுவலக ரீதியா தெரியாதுங்க. சொந்த முறையில லேசா ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றது தவளை.

செண்பகத்துக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஒரு குரல் கொடுத்தால் காடே வந்து தவளையை மிதித்துவிடும். ஆனால் காடே வந்தால் பொந்துத் தண்ணீர் ஒரு வாய்க்குக்கூடக் காணாது. அங்கே படுத்துக் கிடந்த குட்டியின் நாக்கு வெளியே தள்ளியிருந்தது. செண்பகம் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போய், குட்டியை நக்கி எழுப்பிக் கூட்டி வந்து குடிக்க வைத்தது. செண்பகத்தைத் திட்ட, கதை சொல்லும் எனக்கு மனசு வரவில்லை.

ஆடி கடைசியில் மழை கொட்டியது. அதற்குள் காட்டில் பாதிப்பேர் இல்லை.

அடுத்த சித்திரைச் சபையில் தவளை எழுந்ததும், மெலிந்துபோன எருமை ஒன்று போன வருஷத் தேதி என்னவாயிற்று என்று கேட்டது. தவளை படிவத்தைப் புரட்ட ஆரம்பித்தது. செண்பகம் எழுந்தது.

"சொன்ன தேதியிலதான் மழை வந்துச்சு. நாமதான் சரியா கவனிக்கல" என்றது.

சிங்கராஜா தலையாட்டினார். கரையை வெட்ட நாள் குறித்தார்கள். எல்லோரும் கலைந்த பிறகு செண்பகம் தவளையின் பக்கத்தில் குனிந்து, நிஜத் தேதி என்னவென்று கேட்டுக்கொண்டது.

நீதி: மழை வருமா என்று வானத்தைப் பார்க்காதே, வானிலை அதிகாரி வீட்டில் எத்தனை குடம் நிரம்பியிருக்கிறது என்று பார்.