திருப்பிக் கொடுத்த ஆறு தட்டுகள்

கார்ஜ் லே கொனெஸ்,
செவ்வாய்க்கிழமை

பேசாலையில் இருக்கும் அன்புள்ள மேரிறோஸ் அக்காவுக்கு,

தம்பி கிறிஸ்தோப்பர் பணிவுடன் எழுதுவது. மாதாவின் கிருபையாலும் பிரெஞ்சு அரசாங்கம் தரும் பிறஷர் குளிசையாலும் நானும் உங்கள் மச்சாள் ஞானம்மாவும் சுகம். உங்கள் முழங்கால் சுகமா, கோழிகள் சுகமா, பக்கத்து வீட்டாரோடு வேலிச் சண்டை எந்த அளவில் நிற்கிறது என்று அறிய ஆவல். வாட்சப் இருக்கக் கடதாசி ஏன் என்று கேட்பீங்கள். வாட்சப்பில் சொன்னால் ஸ்பீக்கரில் போடுவீங்கள், பின்னேரத்துக்குள் பேசாலை முழுக்கத் தெரிந்துவிடும். இதைத் தனிய இருந்து வாசியுங்கோ.

விசயம் எங்கடை மகள் ஜெனிற்றாவின் கலியாணம். அது குழம்பிப்போய்க் கிடக்குது அக்கா. குழப்பினது வேறு ஆருமில்லை, நான்தான்.

பெடியன் பெயர் யூலியன். இங்கே பிறந்தவன், தாய் தகப்பன் வியட்நாம். தாய் இப்போது இல்லை. முதலில் நானும் குதித்தேன்தான். மகளுக்கு முப்பத்துநாலு வயது மட்டும் பொறுத்திருந்து கடைசியில் ஒரு வியட்நாம்காரனா என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பசித்தது. சரி, தகப்பனையாவது பார்ப்போம் என்று, பாரிசில் எங்கடை தமிழ்க்கடைகள் இருக்கும் லா சப்பலுக்கு வரச்சொன்னேன். ரூ பெர்தொனே தெருவில் ஒரு தேத்தண்ணிக்கடையில் சந்தித்தோம். பெயர் லோங், நான் மரியாதைக்கு முசியே லோங் என்பேன், மெலிந்த மனுசன், என்னைப்போலவே றெஸ்ரோரண்ட் குசினியில் இடுப்பு முறிந்து பென்சன் எடுத்தவர். ஆளும் வேதக்காரன்தான், நீங்கள் யோசிக்க வேண்டாம். இரண்டு பேருக்கும் குசினிப் பிரெஞ்சு மட்டும்தான் தெரியும், அதனால் சண்டை பிடிக்க வழியில்லை.

ஊர் எது என்று கேட்டேன். பின் துவான் என்று ஒரு கடற்கரை மாகாணமாம். சொல்லத் தொடங்கினார் அக்கா, எங்கடை பேசாலையைச் சொல்கிற மாதிரியே இருந்தது. மழையைக் காண்பது அருமை, பார்க்குமிடமெல்லாம் மணல், வெள்ளை மணலில் ஒரு மேடு, சிவப்பு மணலில் ஒரு மேடு, அதற்கங்கால் கடல். இவர்களின் வீட்டில் நெத்தலியையும் உப்பையும் மாறி மாறி அடுக்கி மரப்பீப்பாய்க்குள் ஒரு வருசம் விட்டு மீன்சாறு இறக்குவார்களாம். தெருமுனையில் வரும்போதே வீட்டு வாசம் வருமாம். எங்களுக்குக் கருவாட்டு வாடி மணந்த மாதிரித்தான். வள்ளம் கூடை மாதிரி வட்டமாக இருக்குமாம், ஏது முன்பக்கம் ஏது பின்பக்கம் என்று கடலுக்கே தெரியாதாம். கரையில் திமிங்கிலம் செத்து ஒதுங்கினால் முதலில் கண்டவன்தான் அதற்கு மூத்த மகன், துக்கம் காக்கவேணுமாம். இவருடைய மாமன் செபமாலையைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஒரு திமிங்கிலத்துக்குத் துக்கம் காத்தவராம். லா சப்பல் கடைகளில் றாகன் பழம் என்று ஒரு முள்ளுத் தோல் சிவப்புப் பழம் கிடக்கும், அது அங்கேதான் தோட்டம் தோட்டமாக. இரவிரவாக லைற் போட்டு, நித்திரை கொள்ளவிடாமல் பூக்கப் பண்ணுவார்களாம். நானும் குசினியில் இருபத்தாறு வருசம் அப்பிடித்தான் காய்ச்சனான் என்றேன். மனுசன் சிரித்துச் சிரித்து இருமினார்.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பத்து மணிக்கு அதே கடை, அதே மேசை. ஒருநாள் முகம் வாடி வந்தார். அவர்களின் மாகாணத்தைப் பக்கத்து மலை மாகாணத்தோடு சேர்த்துப் பெயரையும் மலைக்கே கொடுத்துவிட்டார்களாம். "கிறிஸ்தோப், நான் வள்ளத்திலை வெளிக்கிடேக்கை ஊர் இருந்தது. இப்ப பேரும் இல்லை. இனி ஆரும் கேட்டால் நான் மலைக்காரனோ?" என்றார். நான் ஒரு வடை வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்கிறது?

இனிக் கூத்தைக் கேளுங்கோ. போன ஞாயிறு பெண் கேட்டு முறைப்படி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சிவப்புத் துணி மூடின ஆறு தட்டு. வெற்றிலை பாக்கு, தேயிலை, பழம், கேக், வைன், ஆறாவதில் முழுசாகச் சுட்ட ஒரு பன்றிக்குட்டி. வெற்றிலையைக் கண்டதும் ஞானம்மா அழுதுவிட்டா. ஜெனிற்றா முதல்நாளே சொன்னவள்: "அப்பா, அவை கொண்டு வாறதிலை கொஞ்சம் எடுத்துத் திருப்பிக் குடுக்கோணும். அது அவையின்ரை முறை, மறக்காதேங்கோ." கொஞ்சமோ? நாங்கள் என்ன கஞ்சப் பரம்பரையோ? வீடு தேடி வந்த மனுசனுக்குக் கிள்ளிக் கொடுத்து அனுப்புவதோ? ஆறு தட்டையும் அப்பிடியே தூக்கி, மேலே பனங்கட்டியும் பயற்றம் பணியாரமும் நல்ல கட்டாக் கருவாடு இரண்டும் வைத்தேன். லிப்ற் வேலை செய்யவில்லை. நாலு மாடியும் பன்றிக்குட்டியை நானே தோளில் சுமந்து இறக்கிக் காருக்குள் வைத்தேன். "இஞ்சாருங்கோ, அந்த மனுசன்ரை முகம் சரியில்லை" என்று ஞானம்மா பின்னால் நின்று சொன்னா. "நீ கதையாமல் மற்றத் தட்டைத் தூக்கு" என்றேன்.

கார் போனபிறகுதான் ஜெனிற்றா தலையில் கைவைத்தாள். கொஞ்சம் திருப்பினால் சம்பந்தம். முழுக்கத் திருப்பினால் பெண் தரமாட்டோம் என்று அர்த்தமாம்! இதை முதலே விபரமாகச் சொல்லக்கூடாதோ? "அந்தாளை என்ன செய்து வைச்சிருக்கிறீங்கள் பார்த்தீங்களோ" என்று கேட்டாள், அதற்குப் பிறகு என்னோடு பிரெஞ்சில் மட்டும்தான் கதைக்கிறாள். போன் எடுத்தால் முசியே லோங் எடுக்கிறாரில்லை. என் பிள்ளையின் வாழ்க்கையை என் கையாலேயே கெடுத்துப்போட்டேன் அக்கா. வெற்றி மாதா கோயிலுக்குப் போய் இந்தக் கலியாணம் நிறைவேற வேணும் என்று ஒரு நேர்த்தி வையுங்கோ. முழங்கால் நோகுமென்றால் இருந்துகொண்டே வைக்கலாம்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறுசுகளுக்கு முத்தம், வேலிக்கு அந்தப்பக்கத்தாருக்கும் எதற்கும் ஒரு வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் பாவப்பட்ட தம்பி
கிறிஸ்தோப்பர்

பி.கு: கடிதத்தை ஒட்டப்போகும்போது ஜெனிற்றா வாங்கி வாசித்தாள். வாசித்துவிட்டுத் தமிழிலேயே சொன்னாள்: "அப்பா, நானும் யூலியனும் போன வருசமே மெறிக் கந்தோரிலை போய்க் கலியாணம் பதிஞ்சிட்டம். சட்டப்படி நாங்கள் சோடி. எங்களுக்கு ஒரு தட்டும் தேவையில்லை. ரெண்டு கிழவரும் ஊர்க்கதை கதைச்சுச் சந்தோசமா இருக்கிறியள், உங்களுக்கு ஒரு கொண்டாட்டம் இருக்கட்டும் எண்டுதான் செய்தனாங்கள்." ஆகவே அக்கா, கலியாணத்துக்கு நேர்த்தி வேண்டாம், அது எப்பவோ முடிஞ்சுது. நேர்த்தியை மட்டும் நிற்பாட்டாதேங்கோ. இந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கு அந்த மனுசன் தேத்தண்ணிக்கடைக்கு வரவேணும் என்று வையுங்கோ.