குறிப்பு: ஆசாமி தேறமாட்டார்

கம்ப்யூட்டருக்குத் தமாஷ் புரியாது என்பதை ஓர் அரசு அதிகாரியின் ரத்தத்தைச் செலவழித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் சிறுதொழில் செய்பவர்களுக்குக் கம்ப்யூட்டர் ஆலோசகனாகத் திரிந்துகொண்டிருந்தேன். (ஆலோசகன் என்றால் வேலை கிடைக்காத பட்டதாரி என்று படிக்கவும்.) அக்ரஹாரத்தில் மருந்துக்கடை மாடியில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருந்த கோமதி அக்காதான் என் முதல் வாடிக்கையாளர்.

மெஷின் காட்டும் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி, அதைப் பார்த்து ரிப்போர்ட் டைப் அடிப்பதற்குள் ஒருவருடைய யூரியா இன்னொருவருக்குப் போய்விடுகிறது என்பது அக்காவின் கவலை. மெஷினையும் கம்ப்யூட்டரையும் ஒரு ஒயரால் இணைத்து, எண் தானாகவே ரிப்போர்ட்டில் ஏறும்படி புரோகிராம் எழுதினேன். மெஷின் சொந்தமில்லை, கம்பெனிக்காரர்கள் பரீட்சார்த்தமாகக் கொடுத்தது. சின்ன நிலையங்கள் இப்படிப்பட்ட கருவி வாங்க உதவும் ஓர் அரசுத் திட்டத்துக்கு அக்கா விண்ணப்பித்திருந்தார். அதிகாரி நேரில் பார்த்துச் சம்மதித்தால் மெஷின் அக்காவிடமே இருக்கும். இல்லாவிட்டால் மறுநாளே கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

அதிகாரி வந்தார். நல்ல ஆகிருதி. அக்கா வைத்த மைசூர் பாக்கில் நான்கை முடித்துவிட்டு, “யாரோட ரத்தமோ எதுக்கு? என்னுதே எடுங்க” என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்லிச் சட்டைக் கையை மடித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அரை மணி நேரம் டிஜிட்டல் யுகம் பற்றி அவருக்குப் பிரசங்கம் செய்தேன். (எனக்கே அதில் பாதி புரியவில்லை.)

மெஷின் ‘பீப்’ என்றது. எண் திரைக்கு வந்தது. பிரிண்டர் கறகறவென்று அடித்துத் தள்ளியது. தாளைக் கிழித்து, பட்டமளிப்பு விழாவில் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் நீட்டினேன்.

வாசித்தவரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

“ஏன்ரீ இது? என்னது இது?” என்றார்.

எட்டிப் பார்த்தேன். பெயர் சரி, வயது சரி, சர்க்கரை அளவும் வந்திருந்தது. அடியில், ‘குறிப்பு: ஆசாமி தேறமாட்டார். வீட்டில் சொல்லிவிடவும்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது.

வரி கட்டத்துக்குள் அடங்குகிறதா என்று பார்க்கப் போன வாரம் நான் விளையாட்டாக அடித்து வைத்த வாசகம் அது. அழிக்க மறந்திருந்தேன். எல்லோருக்கும் அதையே அச்சடிக்கப் புரோகிராம் தயாராக இருந்திருக்கிறது.

“சார், அது சும்மா...” என்று ஆரம்பித்தேன்.

“சும்மாவா?” என்று அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

கோமதி அக்கா தண்ணீர் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே ரத்தம் சுண்டிப்போனது. “சார், நம்பர் மெஷின் குடுத்தது. அந்த லைன் இந்தப் புண்ணியவான் குடுத்தது. ரெண்டையும் சேத்துப் பாக்காதீங்க. மிச்ச ரத்தத்த உங்க முன்னாலயே பழைய முறைல கையால செஞ்சு காட்டறேன், பாத்துட்டு முடிவு பண்ணுங்க” என்றார்.

செய்தார். நான் மூலையில் நின்று, கம்ப்யூட்டரே இல்லாத ஊர் எது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எண் அப்படியே ஒத்துப்போனது. ஆனால் அக்கா சிரிக்கவில்லை.

“சார், உங்களுக்கு சுகர் ஜாஸ்தி இருக்கே. தெரியுமா?”

“நாலு மைசூர் பாக் தின்னேன்லம்மா!”

“நாலு துண்டுக்கு இவ்வளவு ஏறாது சார். நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க.”

மறுநாள் வந்தார். சர்க்கரை உறுதியானது. மெஷின் சொன்னது நிஜம் என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி யார்? சம்மதம் எழுதிக் கொடுத்தார். மெஷின் அக்காவிடமே தங்கியது. ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் கோமதி அக்கா படித்துக் கையெழுத்திட வேண்டும், புரோகிராம் எழுதியவரைத் தனியாக விடக்கூடாது என்று ஒரு நிபந்தனையும் சேர்த்திருந்தார்.

சில மாதம் கழித்து, என் தங்கையோடு குக்கரஹள்ளி ஏரிக்கரையில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே பாதியாக இளைத்த ஒருவர் விறுவிறுவென்று நடந்து வந்தார். அதே அதிகாரி! கூட வந்தவரிடம் என்னைக் காட்டி, “இவர்தான் என் டாக்டர்” என்றார். தங்கை அதை வீடு முழுக்கப் பரப்பினாள்.

அன்றிலிருந்து சொந்தக்காரர்களுக்கு நான் ‘டாக்டர்’. கேலிக்கு வைத்த பெயர் என்பது பலருக்கு இன்று தெரியாது. போன மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு கல்யாணத்தில், என் மனைவியின் பெரியப்பா வேட்டியை ஒதுக்கி முழங்காலைக் காட்டினார். மறுக்க மனமில்லாமல் அழுத்திப் பார்த்து, “படியேறாதீங்க” என்றேன். பந்தி மாடியில் நடந்துகொண்டிருந்தது. அவருக்குக் கீழேயே தனியாக இலை போட்டார்கள். டாக்டர் பக்கத்தில் இருக்கட்டும் என்று எனக்கும் ஒன்று போட்டார்கள்.