மாடிக்குப் போக இருபத்துநான்கு மணி நேரம்

ராயப்பேட்டை,
ஞாயிறு மாலை.

அன்பும் மதிப்பும் மிக்க நங்கநல்லூர் பெரியப்பாவுக்கு,

உங்கள் தம்பி மகள் தீபிகா, ஒன்பதாம் வகுப்பு, பணிவுடன் எழுதுவது. உங்களுக்கும் பெரியம்மாவுக்கும் உங்கள் வீட்டில் வாடகைக்கு இருக்கும் இரண்டு குடும்பங்களுக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும். எங்கள் வீட்டில் சட்டம் வென்றுவிட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாடியில் குடியிருக்கும் தபஸ்ஸும் அக்காவும் மெஹபூப் அலி அண்ணனும் காலி செய்யப் பார்த்தது உங்களுக்குத் தெரியாது. காரணம் அம்மா. சொந்த வீடு என்பதால் தினமும் கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே போய், குழாயைத் திறந்து மூடி, சுவரில் ஆணிகளை எண்ணி, அடுப்பில் இருக்கும் பாத்திரத்தின் மூடியையும் தூக்கிப் பார்ப்பார். "இன்னா தபஸ்ஸும், இவ்ளோ தாளிச்சா செவுரு கருத்துடாது?" என்று கேட்டுக்கொண்டே ஒரு கரண்டி ருசியும் பார்த்துவிடுவார். போன மாதம் அக்கா ஈரத் தலையோடு குளியலறையிலிருந்து வந்தால், கூடத்தில் அம்மா நாற்காலி மேல் நின்று மின்விசிறியில் தூசி இருக்கிறதா என்று தடவிக்கொண்டிருக்கிறார். அக்கா போட்ட அலறலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அன்று படிக்கட்டில் என்னிடம், "பாப்பா, உங்கம்மா தங்கந்தான். ஆனா இப்டியே போனா நாங்க ஆதம்பாக்கத்துல வூடு பாத்துக்கினு போயிடுவோம்" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குப் புரிகிற மாதிரி கணக்குச் சொல்லித் தருபவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

நூலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்து வாடகைச் சட்டத்தைப் படித்தேன். குடியிருப்பவர் வீட்டுக்குள் உரிமையாளர் போக வேண்டுமானால் இருபத்துநான்கு மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும், காரணத்தோடு. சாப்பிடும்போது சத்தமாக வாசித்தேன்.

"என் வூட்டுக்குள்ள போறதுக்கு நான் லெட்டர் போடணுமா? நல்லா கீது நாயம்!" என்றார் அம்மா.

"சட்டம்னா சட்டந்தான் ஜோதி" என்றார் அப்பா. மின்விசிறி சம்பவத்துக்குப் பிறகு அவர் அலி அண்ணன் முகத்தில் விழிக்கப் பயந்து பின்வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போனார்.

நான் படிவம் தயாரித்தேன். மூன்று வாரத்தில் அம்மா ஒன்பது படிவம் கொடுத்தார். எட்டில் காரணம், 'சும்மா.' ஒன்பதாவதில், 'கொழம்பு வாசனை.' ஒன்பதையும் நிராகரித்தேன். அம்மா மாடிப் பக்கமே போகவில்லை. "இப்பதான் பாப்பா, நம்ம வூடு மாதிரி கீது" என்றார் அக்கா. அந்த நிமிடம் நான் ஒரு நீதிபதி போல உணர்ந்தேன், பெரியப்பா. நீங்களும் உடனே இம்முறையைக் கைக்கொள்ள வேண்டும். பத்துப் படிவங்கள் இணைத்துள்ளேன்.

பெரியம்மாவுக்கு என் வணக்கங்கள். ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போனால் என் பெயரையும் அவர் காதில் போட்டுவையுங்கள்.

என்றும் உங்கள் அன்பு மகள்,
தீபிகா

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது எங்கள் கூடத்துக் கூரைப் பூச்சு, தாம்பாளம் அளவுக்குப் பெயர்ந்து டிவி மேல் விழுந்தது. மாடியில் சுவருக்குள் குழாய் பத்து நாளாக ஒழுகுகிறதாம். அக்கா ஒரு தாளோடு ஓடி வந்தார். "எதுன்னாலும் எழுதித்தான் குடுக்கணும்னு பாப்பா சொல்லிச்சு. மரியாதையா எழுதணுமேன்னு நாலு தபா கிழிச்சிட்டு எழுதிக்கினு இருந்தேன்" என்றார்.

"நான் வந்துக்கினு இருந்தா மொத நாளே பாத்திருப்பேன்டி!" என்றார் அம்மா.

"நீங்கதான் வர்றதே இல்லியேக்கா!"

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். குழாய் மாற்றுவது உரிமையாளர் பொறுப்பு என்ற பகுதியை இப்போது வாசிக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

"நாங்க எங்கயும் போலக்கா. எப்ப வேணா வாங்க, கதவ மட்டும் தட்டிட்டு வாங்க, போதும்" என்றார் அக்கா. அம்மா வாளியோடு மாடிக்கு ஓடினார். பூட்டிய கதவை இப்போது தட்டிக்கொண்டே இருக்கிறார். சாவியோடு அக்கா என் பக்கத்தில்தான் நிற்கிறார். படிவங்களைக் கிழித்துவிடுங்கள்.