நாலு விரல் உயரக் கார்

துபாய்ப் பட்டறையில பதினோரு வருஷம் சூப்பர் காருக்கு அடியில மல்லாந்து கிடந்தவன் நான். அது ஓடுறப்ப உள்ள ஒருநாள்கூட உக்காந்ததில்ல.

அந்தக் குறை இந்த ஞாயித்துக்கிழமை தீரப்போகுது. முதலாளி மக அம்ரீன், நான் பாத்துப் பாத்துச் சரிபண்ணுன அதே செவப்புக் காரைக் கப்பல்ல கொண்டாந்து இறக்கி, ஓட்டிக்கிட்டு பெரியபட்டினத்துக்கே எங்களப் பாக்க வருது. ஒரே சிக்கல். கார்ல ரெண்டே சீட்டு. அம்ரீனுக்குப் போக மிச்சம் ஒண்ணு. வீட்டுல நானும் என் பொஞ்சாதி மெஹருன்னிசாவும்.

விடுவேனா? காலையிலயே ஆரம்பிச்சுட்டேன்.

"மெஹரு, அது பேய் வண்டி. மூணே செகண்டுல நூறு கிலோமீட்டர் வேகம். குடல் போயி முதுகுல ஒட்டிக்கும்."

"அல்லாவே! முன்னால எஞ்சின் அம்புட்டுப் பெருசோ?"

"எஞ்சின் பின்னால. முன்னாலதான் டிக்கி."

"மாத்தி வச்சுப்புட்டாங்களா?"

"பின்னால கனம் இருந்தாத்தான் பின்சக்கரம் ரோட்டைக் கவ்வும். ஒனக்கெங்க வெளங்கப் போகுது! அடிப்பக்கம் தரையிலருந்து நாலே விரல். நம்ம வேகத்தடையில இடிச்சா அம்புட்டுத்தான். வெவரம் தெரிஞ்ச ஆளு கூடவே இருக்கணும்."

"அதுக்கு வேற வழியே இல்லீங்களா?"

"இல்லவே இல்ல."

சொன்னது பொய். என்ன செய்ய, ஆசை.

கார் வந்துச்சு. நான் கதவுல கை வைக்கப்போனேன்.

"அம்ரீன், மாமா வெளிய நின்னு குனிஞ்சு பாத்தாத்தானே வண்டி இடிக்காது? வெவரம் தெரிஞ்ச ஆளு," ன்னு சொல்லிக்கிட்டே மெஹரு ஏறி உக்காந்துட்டா.

மெயின் ரோடு வரைக்கும் ஏழு வேகத்தடை. ஏழுக்கும் கைலியைப் பிடிச்சுக்கிட்டு முன்னால ஓடினேன். குனிஞ்சேன். "வரலாம்... வரலாம்... நில்லு!"

மெயின் ரோட்டுல ஒரு தும்மல் போட்டேன். கண்ணத் தொறந்தா காரைக் காணோம்.

திரும்பி வந்து இறங்குனவ கண்ணுல தண்ணி. "இம்புட்டு வேகத்தையும் ஒங்க கைதான் சரிபண்ணுச்சா? அதுலதானே நாங்க சாப்பிட்டோம். அல்ஹம்துலில்லாஹ்."

இப்படி ஒருத்தியக் குடுத்த ரப்புக்கு மனசுக்குள்ளயே நன்றி சொன்னேன். பொய் உறுத்துச்சு.

"மெஹரு, ஒண்ணு சொல்லணும். அந்தக் காரோட மூக்கைத் தூக்குறதுக்கு..."

"பட்டன் இருக்கு. அதை ரிப்பேர் பண்ணிட்டு ஒருமணி நேரம் போன்ல பெருமை அடிச்சீங்களே! நீங்க சொன்ன எதை நான் மறந்தேன்?" கண்ணத் தொடச்சுக்கிட்டா. "அமுக்காதன்னு அம்ரீன்கிட்ட நான்தான் சொல்லிவச்சேன். சரி, ஏறுங்க. இப்ப ஒங்க முறை."

ஏழு தடவ குனிஞ்ச இடுப்பு, எட்டாவது தடவ கார்ல ஏறக் குனியமாட்டேன்னுருச்சு.