தள்ளினால்தான் கிளம்பும் வேலை

காது கேளாதவர்களிடம் சீக்கிரம் பொறுமை இழப்பவர்கள் யார் என்று கேட்டால், காதுப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் என்று யோசிக்காமல் சொல்வேன். மற்றவர்கள் இன்னொரு முறை உரக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். இவர்கள் ஃபைலில் எழுதிக்கொள்வார்கள்.

எண்பதுகளில் மலாய் நாட்டு ஜார்ஜ் டவுன் ஆஸ்பத்திரி ஒன்றில் காது சோதிக்கும் வேலைக்கு ஆள் எடுத்துப் பயிற்சி தந்தார்கள். நானும் விண்ணப்பித்தேன். சின்ன வயதில் தட்டம்மை வந்து இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதில் கருவி வைத்தால் பாதி கேட்கும். (எந்தப் பாதி என்பது முன்கூட்டித் தெரியாது.) இதை ஒளிக்காமல் எழுதியிருந்தேன்.

ஆசைக்குக் காரணம் இருந்தது. சோதனைக்குப் போனால் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, மெஷின் சத்தத்துக்குக் கை தூக்க வைத்து, பிறகு மலாயிலோ ஆங்கிலத்திலோ சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். தமிழில் ஒரு சொல் கிடையாது. ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த அம்மாக்கள் மொழி புரியாமல் விழிப்பார்கள். செவிடு என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். நான் உள்ளே போனால் இதை மாற்றிவிடலாம் என்று நம்பினேன். அந்த வயதில் இப்படியெல்லாம் நம்பத் தோன்றும்.

நேர்முகத் தேர்வுக்கு அம்மா பருத்திப் புடவைக்கு மொடமொடவென்று கஞ்சி போட்டுக் கொடுத்தார். அந்தக் காலத்துக் கருவி, மைக் வைத்த ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து ஒயர் காதுக்குப் போகும். பெட்டி வெளியே தெரிந்தால் அழகு கெட்டுவிடும் என்று மகாராணியாகிய நான் அதைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டேன். எங்கள் ஊர் சிம்பாங் அம்பாட்டில் பஸ் ஏறி, ஃபெரி பிடித்து இறங்கும்வரை கஞ்சி உரசும் சத்தம்தான் கேட்டது. யாரோ என் நெஞ்சில் உட்கார்ந்து முறுக்கு தின்பதுபோல.

உள்ளே மூன்று பேர். தலைவரான டாக்டருக்கு உதட்டை மறைக்கும் மீசை, அதன்மேல் கை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் வழியில்லை. மேலே காற்றாடி கடகடத்தது.

“கையைக் கொஞ்சம் எடுத்துட்டுப் பேசுறீங்களா ஐயா?” என்று மலாயில் கேட்டேன். கையை எடுத்தார். ஆனால் குனிந்து ஃபைலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“செக்காராங் அடா கெர்ஜா?”

இப்போது வேலை ஏதும் பார்க்கிறாயா என்று கேட்டிருக்கிறார். கஞ்சிச் சத்தத்தில் ‘கெர்ஜா’ என் காதில் ‘கெரெத்தா’ என்று விழுந்தது. இந்த வேலைக்குக் கார் எதற்கு? ஊர் ஊராகப் போய்ச் சோதிக்க வேண்டும்போல என்று நானே சமாதானம் செய்துகொண்டு, பளிச்சென்று பதில் சொன்னேன்.

“எனக்கு இல்லீங்க ஐயா. அண்ணன்கிட்ட ஒண்ணு இருக்கு. ரொம்பப் பழசு. நாலு பேரு பின்னால நின்னு தள்ளுனாத்தான் கெளம்பும்.”

டாக்டர் நிமிர்ந்தார். “அப்பாவுக்கு?”

“அப்பாவுக்கு அதைக் கண்டாலே பயம். கிட்டவே போக மாட்டாரு.”

பக்கத்திலிருந்த பெண் ஃபைலால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியபோதுதான் எனக்கு உறைத்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, நிதானமாக, உரக்கச் சொன்னார்: “காது கேக்காதவ எப்படிக் காதை டெஸ்ட் பண்ணுவா?”

அது மட்டும் ஓர் எழுத்து விடாமல் கேட்டது.

“சத்தம் போடுறது மெஷின் ஐயா. கை தூக்குறாங்களான்னு நான் பாக்கணும், அவ்வளவுதான். எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு” என்றேன். அவர் அடுத்த ஃபைலை எடுத்துவிட்டார்.

மூன்றாமவர் தமிழர். அதுவரை வாய் திறக்காதவர், கதவுவரை கூடவே வந்தார்.

“மனசுல வெச்சிக்காதீங்க லா, தங்கச்சி. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில ஆள் எடுக்குறாங்க. மெஷின் சத்தம் மத்தவங்களுக்குத்தான் தொந்தரவு. உங்களுக்குப் பிரச்சினையே இல்ல.”

அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிகிறது. (போய்ச் சேர்ந்தேன். வேறு என்ன செய்ய?)

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாராவது வேலையில்லாமல் இருந்தால், “தள்ளுனாத்தான் கெளம்புமா?” என்றுதான் கேட்பார்கள். கல்யாண வீடுகளில் அண்ணன் என் குரலிலேயே நடித்துக் காட்டுவான். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். நானும் சிரிப்பேன், எல்லோரும் சிரிக்கும்போது கூடவே சிரிப்பது காது கேளாதவர்கள் முதலில் பழகும் வித்தை.

டாக்டர் உரக்கச் சொன்னது அண்ணன் கதையில் வராது. அதை நான் வீட்டில் சொல்லவே இல்லை.